சான்றிதழோடு வரும் விண்கல்லை நம்பி வாங்கலாமா?

கேள்வி இதுதான்: "2013இல் ரஷ்யாவில் விழுந்த செல்யாபின்ஸ்க் விண்கல் என்று சொல்லி 38 கிராம் கல் ஒன்றை ஒருவர் ஆன்லைனில் விற்கிறார். காந்தம் ஒட்டுவதை வீடியோவில் காட்டினார். சான்றிதழும் தருகிறாராம். விலை மற்றவர்கள் சொல்வதில் பாதிதான். வாங்கலாமா? போலி என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?"

இப்போதைக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அந்தக் கல் உண்மையிலேயே விண்கல்லாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அது செல்யாபின்ஸ்க்தானா என்பதுதான் எனக்குச் சந்தேகம். அதைக் காந்தம் சொல்லாது. அவர் தரப்போகும் சான்றிதழும் சொல்லாது.

நான் நிலவியல் படித்தவன். பதினெட்டு வருடமாக விண்கல் சேர்க்கிறேன், மற்றவர்கள் வாங்கிய கற்களைப் பார்த்துக் கருத்துச் சொல்வதும் உண்டு. சேகரிப்பவர்களின் பணம் அதிகம் போவது நிஜ விண்கல்லின் மேல் ஒட்டப்பட்ட பொய்ப் பெயரில்தான் என்பது என் அனுபவம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் "இது விண்கல்லா, இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கிட்டமா?" என்றே கேட்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். கஷ்டமான கேள்வி அதற்கு அப்புறம்தான் வருகிறது.

சரி, சுலபமானதை முதலில் முடித்துவிடலாம்.

நம் ஊரில் "வானத்திலிருந்து விழுந்தது" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டியவற்றில் பாதிக்கு மேல் இரும்புக் கிட்டம். கொடுமணல் போன்ற இடங்களில் ஈராயிரம் வருடத்துக்கு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். பழைய உலைக்களங்கள் இருந்த மேடுகளில் உழும்போது கிட்டம் இன்றும் கிளம்பி வருகிறது. கருப்பாக, கனமாக, உருகி வழிந்த தோற்றத்தோடு இருக்கும். பலசமயம் காந்தமும் ஒட்டும். பார்க்கிறவருக்கு விண்கல் என்று தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால் உடைத்துப் பார்த்தால் உள்ளே ரொட்டியில் இருப்பதுபோல் காற்றுக் குமிழிகளின் பொத்தல் தெரியும். விண்கல்லுக்குள் அப்படிப் பொத்தல் இருப்பது அபூர்வத்திலும் அபூர்வம். குமிழி தெரிந்தால் அநேகமாக அங்கேயே கதை முடிந்தது.

அடுத்த கூட்டம் மேக்னடைட்டும் ஹெமடைட்டும். இரண்டும் பூமியின் இரும்புத் தாதுக்கள். பொன்னை உரைகல்லில் உரசுவதுபோல் இவற்றையும் உரசிப் பார்க்கலாம். காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு இல்லாத ஒரு வளையம் இருக்குமே, அதில் கல்லை அழுத்தித் தேய்க்க வேண்டும். செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹெமடைட், பென்சில்போல் கருங்கோடு விழுந்தால் மேக்னடைட். விண்கல் அதிகம் துருப்பிடிக்காமல் இருந்தால் கோடு விழாது, விழுந்தாலும் மங்கலாகத்தான் இருக்கும்.

காந்தம் ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான விண்கற்களில் காந்தம் ஒட்டும், உண்மைதான். கிட்டத்திலும் மேக்னடைட்டிலும்கூட ஒட்டும். அதனால் வீடியோவில் காந்தம் ஒட்டுவதைக் காட்டுவது எதற்கும் சாட்சி ஆகாது. அதைவிட ஒரு வருத்தமான விஷயம்: வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கல்லின் மேல் வைத்தால், அந்தக் கல் கோடிக்கணக்கான வருடங்களாகச் சுமந்து வந்த காந்தப் பதிவு அந்த நொடியே அழிந்துவிடும். 'கருப்பழகி' என்று பெயர் வாங்கிய என்டபிள்யூஏ (வடமேற்கு ஆப்பிரிக்கா) 7034 என்ற, செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த கல்லின் பல துண்டுகளுக்கு இதுதான் நடந்தது என்று 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. செவ்வாய்க்கு ஒரு காலத்தில் காந்தப்புலம் இருந்ததற்கான சாட்சியை, கல் தேடுகிறவர்களின் கைக்காந்தமே துடைத்துவிட்டது. எனவே சோதிக்கத்தான் வேண்டும் என்றால் சாதாரண ஃப்ரிட்ஜ் காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது கல் பக்கம் சாய்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கல் வகை விண்கல்லா என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி, ஓர் ஓரத்தைச் சற்றே தேய்ப்பது. வைர அரத்தாலோ தண்ணீர்த்தாளாலோ ஒரு சிறுவிரல் நக அளவுக்குத் தேய்த்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வைத்து வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறப் பரப்பில் வெள்ளிப் பொடி தூவியதுபோல் உலோகப் புள்ளிகள் மின்னும். கல்லைச் சாய்க்கச் சாய்க்க அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கண் சிமிட்டும். இடையிடையே ஜவ்வரிசிபோல், சிலசமயம் கேழ்வரகு அளவில், வட்ட வட்டமாக உருண்டைகள் தெரியும். இவைதான் காண்ட்ரூல்கள். கோள்கள் உருவாவதற்கு முன், சூரியனைச் சுற்றி வெறும் தூசும் வாயுவும் இருந்த காலத்தில், உருகித் துளியாகி உறைந்தவை. சுமார் 456 கோடி ஆண்டு வயது. பூமியின் எந்தப் பாறையிலும் இவை கிடையாது, எந்தப் பட்டறையிலும் இவற்றைச் செய்ய முடியாது. உலோகப் புள்ளியும் காண்ட்ரூலும் சேர்ந்து தெரிந்தால் உங்கள் கையில் இருப்பது விண்கல்தான். நான் முதன்முதலில் இதைப் பார்த்த அன்று இரவு தூங்கவில்லை. இன்றும் புதிய கல் வந்தால் அந்தச் சிறு சாளரத்தைத் திறக்கும்போது கை லேசாக நடுங்கும்.

இந்த இடத்தில் நம் ஊர் விஷயம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கலசம், அரிசியை இழுக்கும் ரைஸ் புல்லர், இரிடியம் என்ற அபூர்வ உலோகம் என்று மோசடிக் கும்பல்கள் சொல்வதை நம்பி வருடாவருடம் குடும்பங்கள் லட்சக்கணக்கில் இழக்கின்றன. அதே கும்பல்களில் சில இப்போது "விண்கல்லில் இரிடியம் இருக்கிறது, விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்கள்" என்று பேசுகின்றன. பூமியின் மேலோட்டைவிட விண்கல்லில் இரிடியம் பல நூறு மடங்கு அதிகம் என்பது உண்மை. டைனோசர்கள் அழிந்த காலத்து மண்படலத்தில் இரிடியம் மிகுந்திருப்பதை வைத்துத்தான் 1980இல் விண்கல் மோதல் கருத்தே வந்தது. ஆனால் அளவு என்ன தெரியுமா? பழமையான கல் வகை விண்கல் ஒரு டன் எடுத்தால் அதில் சுமார் அரை கிராம் இரிடியம். இரிடியத்துக்காக விண்கல் வாங்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவரோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

இனி, மனிதன் செய்த விண்கற்கள். இவை குறைவுதான், ஆனால் இவற்றில் ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல.

சேகரிப்பவர்கள் மத்தியில் எல்லோருக்கும் தெரிந்த கதை ஷிரோகோவ்ஸ்கி. 1956இல் ரஷ்யாவின் பெர்ம் பகுதியில் வானில் ஒரு தீக்கோளம் பாய்ந்ததாகவும், ஷிரோகோவ்ஸ்கி நீர்த்தேக்கத்தின் உறைபனியில் துளை விழுந்ததாகவும் ஒரு பழைய செய்தி உண்டு. 2002 வாக்கில், அந்த நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து முக்குளித்து எடுத்தது என்று சொல்லி ஒரு பொருள் சந்தைக்கு வந்தது. பார்த்தால் பல்லசைட். பல்லசைட் என்பது இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத்துக்குள் தேன் நிறத்திலும் பச்சை நிறத்திலும் ஆலிவின் என்ற கனிமத்தின் படிகங்கள் பதிந்திருக்கும் அபூர்வ வகை. மெல்லியதாக அறுத்து விளக்கின் முன் பிடித்தால் கண்ணாடி ஓவியம்போல் ஒளி ஊடுருவும். விண்கல் வகைகளிலேயே அழகானது இதுதான் என்பது என் கருத்து. கையில் வைத்துப் பார்த்த அனுபவசாலிகளே ஷிரோகோவ்ஸ்கியை நம்பினார்கள். தீக்கோளத்தைப் பார்த்த சாட்சி, பனியில் துளை, ஆழத்திலிருந்து மீட்பு என்று கதை அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

ஆய்வகம் அதை உடைத்தது. ஆக்சிஜனுக்கு 16, 17, 18 என மூன்று ஐசோடோப்புகள், அதாவது எடை மட்டும் வேறான வகைகள், உண்டு. பூமியின் பாறைகள் எல்லாவற்றிலும் அவை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் கலந்திருக்கும். பல்லசைட்டுகளுக்கு அந்த ஒழுங்கு சற்று வேறு. அந்தச் சிறு வித்தியாசத்தை எந்தப் பட்டறைக்காரரும் போலியாகச் செய்ய முடியாது. ஷிரோகோவ்ஸ்கியின் ஆலிவின் பூமியின் ஒழுங்கில்தான் இருந்தது. பூமியில் கிடைத்த ஆலிவினையும் மனிதன் உருக்கிய இரும்பையும் சேர்த்துச் செய்த பொருள் அது என்று முடிவானது. இன்று அதை 'போலி விண்கல்' என்று சொல்லியே விற்கிறார்கள், வாங்கியும் வைத்துக்கொள்கிறார்கள்.

இதைவிடப் பழைய கதை பிரான்சில். 1864 மே 14 அன்று ஆர்கேய் என்ற ஊரில் கரிமம் நிறைந்த மென்மையான ஒரு விண்கல் விழுந்தது. அதன் துண்டு ஒன்று மோந்தோபான் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் மூடிக் கிடந்தது. சுமார் நூறு ஆண்டு கழித்து, 1960களில் சிகாகோ விஞ்ஞானிகள் அதை எடுத்துப் பார்த்தபோது உள்ளே ஒரு விதையும் நிலக்கரித் துணுக்குகளும் இருந்தன. ஒரு கணம் வேற்றுலக உயிரோ என்று தோன்றும். பார்த்தால் அது பிரான்சில் நீர்நிலைக் கரையில் வளரும் கோரைபோன்ற ஒரு செடியின் விதை. யாரோ கல்லை ஈரமாக்கிக் குழைத்து, விதையை உள்ளே வைத்து, பசை பூசி, விண்கல் காற்றில் பாயும்போது உண்டாகும் கருகிய தோல்போல் மேலே செய்து மூடியிருக்கிறார்கள். கல் விழுவதற்குச் சில வாரம் முன்புதான் பாரிசில் லூயி பாஸ்டர் உயிர் தானாகத் தோன்றாது என்று புகழ்பெற்ற சொற்பொழிவு ஆற்றியிருந்தார். அந்த விவாதத்தில் குழப்பம் விளைவிக்கத்தான் இதைச் செய்திருக்க வேண்டும் என்பது ஊகம். செய்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அப்பட்டமான நிஜ விண்கல்லிலேயே கை வைத்திருக்கிறார்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

இரும்பு விண்கல்லில் நடக்கும் போலி வேறு மாதிரி. இரும்பு விண்கல்லை அறுத்து, மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் காட்டினால் பட்டை பட்டையாக ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் ஒரு கோலம் எழும்பும். விட்மன்ஸ்டாட்டன் கோலம் என்று பெயர். உருகிய உலோகம் ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள், பத்து லட்சம் ஆண்டுக்குச் சில நூறு அல்லது சில ஆயிரம் டிகிரி என்ற கதியில் ஆறினால்தான் அந்தப் பட்டைகள் வளரும். எந்த உலையும் அவ்வளவு மெதுவாக ஆறாது. அதனால் போலி செய்கிறவர்கள் ஸ்டீல் தகட்டின் மேல் லேசரால் அந்தக் கோலத்தை வரைந்துவிடுகிறார்கள். கைக்கடிகார முகப்பு, மோதிரம், கத்திப் பிடி என்று விலை குறைவாக வருபவற்றில் இது மிகுதி. தகட்டின் விளிம்பைப் பாருங்கள். நிஜக் கோலம் மரத்தின் ரேகைபோல் உள்ளே முழுக்க ஓடும், விளிம்பிலும் தொடர்ந்து இறங்கும். வரைந்த கோலம் விளிம்பில் நின்றுவிடும்.

மால்டவைட் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அது விண்கல் அல்ல. ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுக்கு முன் ஜெர்மனியின் நோர்ட்லிங்கன் பகுதியில் ஒரு விண்கல் மோதியபோது பூமியின் மண் உருகித் தெறித்து, செக் நாட்டுப் பக்கம் போய் விழுந்த பச்சைக் கண்ணாடி. டிக்டாக்கில் பேச்சு கிளம்பிய பிறகு விலை எகிறியது, பாட்டில் கண்ணாடியை அச்சில் ஊற்றிச் செய்தவை சந்தையை நிறைத்துவிட்டன. ஈரமாக இருப்பதுபோல் அதிகப் பளபளப்பு, ஒரே வடிவம் இரண்டு கற்களில் திரும்ப வருவது, இரண்டும் கெட்ட அறிகுறி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று முதலில் புரிய வேண்டும். சகாராவில் நாடோடிகள் பொறுக்கி, மொராக்கோ வழியாக வரும் வகைப்படுத்தாத சாதாரணக் கல் விண்கல்லைக் கிராம் ஒரு டாலருக்கும் குறைவாக வாங்கலாம். 2011 ஜூலையில் மொராக்கோவில் விழுந்த டிசிந்த் செவ்வாயிலிருந்து வந்தது என்று தெரிந்தவுடன் கிராம் பல நூறு டாலருக்குப் போனது. நைஜரில் கிடைத்த என்டபிள்யூஏ 16788 என்ற 24 கிலோவுக்கு மேற்பட்ட செவ்வாய்க் கல் 2025 ஜூலையில் நியூயார்க் ஏலத்தில் கட்டணங்கள் உட்பட சுமார் 53 லட்சம் டாலருக்கு விலை போனது. இதுதவிர, மக்கள் கண்முன் விழுந்தவற்றுக்கு எப்போதும் தனி விலை. செல்யாபின்ஸ்க் 2013 பிப்ரவரி 15 காலையில் வந்தது. அதிர்வலையில் ஜன்னல்கள் நொறுங்கி சுமார் 1,500 பேர் காயப்பட்டார்கள். செபர்குல் ஏரியிலிருந்து 650 கிலோவுக்கு மேற்பட்ட ஒரு துண்டை அந்த வருடம் அக்டோபரில் வெளியே எடுத்தார்கள். அந்த நாளின் ஒரு துணுக்கு கையில் இருக்க வேண்டும் என்ற ஆசைக்குத்தான் விலை.

ஆனால் கல்லாகப் பார்த்தால் செல்யாபின்ஸ்க் எல்எல் 5 வகைச் சாதாரணக் காண்ட்ரைட், அதாவது காண்ட்ரூல் கொண்ட கல் வகை. எல்எல் என்பது அதில் உலோகம் குறைந்த குடும்பம். 2008 செப்டம்பரில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சூளகிரியில் நூறு கிலோவுக்கு மேல் விழுந்த விண்கல்லும் அதே எல்எல் குடும்பம்தான், எல்எல் 6. அதே குடும்பத்தில் சகாராவில் கிடைத்தவை ஏராளம். மலிவான சகாரா எல்எல் 5 ஒன்றை எடுத்து 'செல்யாபின்ஸ்க்' என்று சீட்டு எழுதிவிட்டால் காந்தம், லூப், அரம் எல்லாம் "விண்கல்தான்" என்றே சொல்லும். விண்கல்லின் உலோகத்தில் இருக்கும் நிக்கலை அளந்தாலும் சரியாகவே வரும். ஏனென்றால் அது நிஜ விண்கல்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பழனி மலையில் 1898இல் சுமார் 16 கிலோ எடையில் ஓர் இரும்பு விண்கல் கிடைத்தது. உலகம் முழுக்க அதற்குப் பெயர் கொடைக்கானல். இரும்புக்குள் சிலிக்கேட் என்ற கல் கனிமத்தின் உருண்டைகள் பதிந்த அபூர்வ வகை, இரண்டு-ஈ என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். நம் மலையின் பெயர் தாங்கிய கல்லில் ஒரு சின்னத் துண்டாவது வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. சில வருடம் முன்பு வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் மெல்லியதாக அறுத்த 22 கிராம் வில்லை ஒன்றைக் கொடைக்கானல் என்று போட்டார். கூடவே டைப்ரைட்டரில் அடித்த பழுப்பேறிய சீட்டு. இரண்டாவது ஆள் முந்திவிடுவாரோ என்ற பதற்றத்தில் அன்றே பணம் அனுப்பினேன்.

பார்சல் வந்தது. வில்லையை வெயிலில் திருப்பினேன். மெல்லிய பட்டைகள் ஓரத்திலிருந்து ஓரம்வரை தடையில்லாமல் ஓடின. மிக அழகு. ஆனால் சிலிக்கேட் எங்கே? இரண்டு பக்கமும் தேடினேன், ஒரு துளி இல்லை. அப்புறம் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பழைய காகிதம் ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் பழுப்பேறும். இது முன்னும் பின்னும் ஒரே சீராக, சாயத்தில் முக்கி எடுத்ததுபோல் இருந்தது. ஆய்வகத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் தயவில் வேதி அளவு எடுத்தோம். இரும்பு விண்கற்களைக் காலியம், ஜெர்மானியம், இரிடியம் ஆகிய தனிமங்களின் நுண்ணளவை வைத்துத்தான் பிரிப்பார்கள். இரண்டு-ஈ வகையில் ஜெர்மானியம் நன்றாகவே தெரியும். என் வில்லையில் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. அது நான்கு-ஏ வகையின் அடையாளம். சுவீடனிலிருந்து தாராளமாகக் கிடைக்கும் முவோனியோனாலுஸ்தா அந்த வகைதான். பெரும்பாலும் அதைத்தான் எனக்கு விற்றிருக்கிறார்கள். விற்றவரின் கணக்கு அதற்குள் மறைந்துவிட்டது. இங்கே வகை வேறாக இருந்ததால் ஆய்வகம் பொய்யைக் காட்டிக்கொடுத்தது. ஒரே வகைக்குள் பெயர் மாற்றியிருந்தால் அந்த ஆய்வகமும் கை விரித்திருக்கும்.

இந்த வகை ஏமாற்றின் பெரிய உதாரணம் அமெரிக்காவின் போர்ட் ஆர்ஃபோர்ட். 1850களில் ஓரிகன் பகுதியை அரசுக்காக ஆராய்ந்த ஜான் எவன்ஸ், தான் சேகரித்த மாதிரிகளை பாஸ்டனில் சார்லஸ் ஜாக்சன் என்ற வேதியியலாளரிடம் அனுப்பினார். அதில் ஒரு சிறு துண்டு பல்லசைட் என்று ஜாக்சன் கண்டுகொண்டார். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டபோது, போர்ட் ஆர்ஃபோர்ட் ஊருக்கு உள்ளே மலையில் பத்து டன் அளவுக்கு ஒரு பாறை புதைந்து கிடக்கிறது, அதில் உடைத்தது என்றார் எவன்ஸ். அதைக் கொண்டுவர அரசிடம் பணம் கேட்டு முயற்சி நடந்தது. 1861இல் அவர் இறந்தார், உள்நாட்டுப் போர் வந்தது, இடம் தெரியாமலே போனது. அதன் பிறகு தலைமுறை தலைமுறையாக மக்கள் அந்த மலைகளில் ஏறி இறங்கித் தேடினார்கள். சிலருக்கு அதுவே வாழ்க்கையாகிவிட்டது. 1993இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் வெளியிட்ட ஆய்வு விஷயத்தை முடித்தது. அந்தத் துண்டு சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்து இமிலாக் விண்கல். பெரிய பாறையிலிருந்து உடைத்த சில்லும் அல்ல, சிறு கல்லாகவே தனியாக விழுந்தது. எவன்ஸ் அப்போது கடனில் இருந்தார். ஊர் திரும்பும் வழியில் எங்கோ அதை வாங்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. கல்லில் ஒரு பழுதும் இல்லை. அது கிடைத்த இடம் என்று சொன்ன ஒரு வாக்கியம் பொய். அந்த ஒரு வாக்கியத்துக்காக நூற்றுமுப்பது வருடத் தேடல்.

அதனால்தான் சான்றிதழை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விண்கற்களுக்குப் பெயரும் வகையும் அங்கீகரிப்பது சர்வதேச விண்கல் ஆய்வாளர்களின் சங்கம். அவர்களின் பட்டியலில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு புதிய கல்லுக்குப் பெயர் வேண்டுமென்றால் 20 கிராமோ மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கோ, எது குறைவோ அதை ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும். நல்ல முறைதான். ஆனால் அந்தப் பதிவு அந்தப் பெயருக்கு உரியது, உங்கள் கையில் இருக்கும் துண்டுக்கு உரியது அல்ல. பட்டியலில் உள்ளதைப் பார்த்து அழகான காகிதத்தில் அச்சடிக்க ஐந்து நிமிடம் போதும். விற்பவரே கையெழுத்துப் போடும் சான்றிதழ் அவர் வாய்ச்சொல்லைவிட ஒரு இம்மியும் கூடுதல் மதிப்புள்ளது அல்ல.

மதிப்புள்ளது கைமாறிய வரலாறு. யார் பொறுக்கினார், யாரிடம் விற்றார், அவரிடமிருந்து இவருக்கு எப்படி வந்தது. நிலப்பத்திரத்துக்கு மூலப்பத்திரம் பார்ப்பதுபோல்தான் இதுவும். பழைய சேகரிப்புகளில் கல்லின் மேலேயே வெள்ளைப் பூச்சில் எண் எழுதியிருப்பார்கள், அந்த எண் பழைய பட்டியலோடு பொருந்த வேண்டும். வில்லையாக அறுத்தது என்றால் அதன் பக்கத்து வில்லை எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டின் கோலமும் அடுத்தடுத்த பக்கங்கள்போல் ஒத்துப்போகும், அதைப் பொய்யாகச் செய்வது ரொம்பக் கஷ்டம். சேகரிப்பாளர்களுக்கு ஒரு சர்வதேச அமைப்பும் உண்டு. விற்பவர் உறுப்பினர் என்று எண் சொன்னால் அந்த எண்ணை அவர்கள் பட்டியலில் தேடி, அங்கே இருக்கும் முகவரிக்கே எழுதிக் கேளுங்கள். அடுத்தவர் எண்ணைப் போட்டு விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

செல்யாபின்ஸ்க் விஷயத்தில் கண்ணால் பார்த்தே சிலவற்றைத் தள்ளிவிடலாம் என்பது உங்களுக்கு அனுகூலம். முதல் நாட்களில் பனியிலிருந்து பொறுக்கிய துண்டுகளின் தோல் மைக்கருப்பாக, புதிதாக இருக்கும். உடைந்த இடத்தில் உள்ளே வெளிர்சாம்பல், அதில் கருநரம்புகள் ஓடும், சில துண்டுகளில் உள்ளே முழுக்கக் கருமையாகவும் இருக்கும். பனி உருகிய பின் கிடைத்தவற்றில் துருப்புள்ளி உண்டு. ஆனால் மணற்காற்றில் மெருகேறிய பழுப்புத் தோலும், விரிசல்களில் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவும் இருந்தால் அது பாலைவனத்தில் பல ஆயிரம் ஆண்டு கிடந்த கல். செல்யாபின்ஸ்காக இருக்க வழியே இல்லை. வீடியோவில் காந்தத்தை விட்டுவிட்டு அந்த விரிசல்களைப் பாருங்கள்.

அரசு அறிவிப்பே கூட அவசரப்படலாம் என்பதை நாம் நம் மாநிலத்திலேயே பார்த்தோம். 2016 பிப்ரவரியில் வேலூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு ஏற்பட்டு ஓர் ஓட்டுநர் உயிரிழந்தார். விண்கல் விழுந்து இறந்தார் என்று மாநில அரசு அறிவித்தது. தரையில் நடந்த வெடிப்பாகவே படங்களில் தெரிகிறது என்று நாசா விஞ்ஞானிகள் சொன்னார்கள். அந்தக் குடும்பத்தின் இழப்பு நிஜம். இப்படிச் செய்தி வந்த இடத்தின் பெயரைப் போட்டுக் கல் விற்பவர்களிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. இந்தியாவில் விழுந்த விண்கற்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினுடையது. நம் ஊரில் விழுந்ததாகச் சொல்லி யாராவது விற்றால், அது பொய்யாக இருந்தாலும் சிக்கல், நிஜமாக இருந்தாலும் சிக்கல். அர்ஜென்டினாவும் 2007 முதல் விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்தாகச் சட்டத்தில் சேர்த்திருக்கிறது. அங்கிருந்து வரும் கேம்போ டெல் சியேலோ என்ற இரும்பு விண்கல்லை வாங்கும்போது எப்போது வெளியே வந்தது என்று கேட்டு வையுங்கள்.

உங்கள் விற்பனையாளருக்கு இன்று இதை மட்டும் எழுதுங்கள்: இந்தக் கல்லை யாரிடமிருந்து, எந்த வருடம் வாங்கினீர்கள், அந்த ரசீது அல்லது சீட்டின் படம் தர முடியுமா? உடைந்த பகுதியை வெயிலில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படம் வேண்டும். பெயர் தவறென்று பின்னால் தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? நேர்மையான விற்பனையாளர் இவற்றுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார், இப்படிக் கேட்கிறவர்தான் அவருக்கு நல்ல வாடிக்கையாளர். கோபப்பட்டால், அல்லது இன்னொருவர் வாங்கக் காத்திருக்கிறார் என்று அவசரப்படுத்தினால், விட்டுவிடுங்கள்.

அப்படி விட்டுவிட நேர்ந்தால், அந்தப் பணத்தில் சிறு பங்கை வைத்து வகைப்படுத்தாத சகாராக் கல் ஒன்றை அந்தப் பெயரிலேயே வாங்குங்கள். பொய்ப்பெயர் போட அதில் யாருக்கும் லாபம் இல்லை. ஓர் ஓரத்தைத் தேய்த்து லூப்பில் பாருங்கள், அதே உருண்டைகள், அதே வயது.

விற்பவரிடமிருந்து பதில் வந்தால் சீட்டின் இரண்டு பக்கப் படத்தையும் கல்லின் உடைந்த பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.